பொம்மைக்கு வர்ணம் கேட்பவர்கள் அச்சாரமும் கொடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நவராத்திரி நெருங்கினால் உங்கள் இதழில் கொலுவுக்கென்று பக்கங்கள் வரும். பண்ருட்டியில் என்ன புது செட் வந்திருக்கிறது, மதுரை விளாச்சேரியில் வேலை எப்படிப் போகிறது, காஞ்சிபுரத்தில் என்ன விலை என்று எல்லாவற்றையும் படிக்கிறேன், சந்தோஷமாகத்தான் இருக்கிறது. ஆனால் பேச்சு புதுப் பொம்மை வாங்குவதோடு நின்றுவிடுகிறது. பரணில் இருந்து பாட்டி காலத்துப் பொம்மையை இறக்கிக்கொண்டு வந்து "இதுக்கு வர்ணம் அடிச்சுக் கொடுங்க" என்று கேட்கிற வீடுகள் எத்தனையோ இருக்கின்றன. அதைச் செய்கிறவர்களும் ஊருக்கு நாலு பேர் இருக்கிறோம். எங்களுக்கும் அந்த வீட்டுக்காரர்களுக்கும் நடுவில் காசு எப்படிக் கைமாறுகிறது, எங்கே மனஸ்தாபம் வருகிறது என்று யாரும் எழுதி நான் பார்த்ததில்லை. அதனால் நானே எழுதுகிறேன்.

நான் ஸ்ரீரங்கத்தில் இருக்கிறேன். 22 வருஷமாகப் பொம்மைக்கு வர்ணம் தீட்டுகிறேன், எனக்கு முன்னால் அப்பா செய்தார். போன மாதம் ஓர் அம்மா இரண்டு பெரிய அட்டைப்பெட்டியோடு ஆட்டோவில் வந்து இறங்கினார். தசாவதாரம் ஒரு செட், ஒரு செட்டியார் தம்பதி, கை உடைந்த ஒரு மீனாட்சி. எல்லாவற்றையும் பார்த்து, விலை சொல்லி, அவரும் சரி என்றார். பாதி அட்வான்ஸ் வேண்டும் என்றேன். முகம் மாறிவிட்டது. "என்னம்மா, பொம்மையே உங்க கிட்டதானே இருக்கு, நாங்க என்ன ஓடியா போயிடுவோம்?" என்று கேட்டுவிட்டு, பெட்டியைத் திரும்ப ஆட்டோவில் ஏற்றச் சொல்லிவிட்டார். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. ஆனால் அந்தக் கேள்விக்கு அன்றைக்கு வாசலில் நின்று பதில் சொல்ல முடியவில்லை. இங்கே சொல்கிறேன்.

முதலில் வேலை என்னவென்று பாருங்கள். பழைய மண் பொம்மை என்றால் மேலே இருக்கிற வர்ணம் செதில் செதிலாக உரிந்து நிற்கும். அதன் மேலேயே புது பெயின்ட் அடித்தால் அடுத்த வருஷமே அப்பளம் மாதிரி தூக்கிக்கொண்டு வந்துவிடும். அதனால் பழசை மெதுவாகச் சுரண்டி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, தூசி துடைக்க வேண்டும். உடைந்த விரல், மூக்கு, கிரீட நுனி எல்லாவற்றையும் பட்டி வைத்தோ எம்-சீல் வைத்தோ கட்டி, காய விட்டு, செதுக்கி, மறுபடி தேய்க்க வேண்டும். காகிதக் கூழ் பொம்மை என்றால் உள்ளே ஈரம் இருக்கிறதா, பூச்சி அரித்திருக்கிறதா என்று தட்டிப் பார்க்க வேண்டும். அப்புறம் வெள்ளை இரண்டு கை. அது காய்ந்தபின்தான் உடம்பு நிறம், பட்டு, கரை, நகை. தங்க வர்ணம் கடைசிக்கு முந்தையது. கடைசியில் கண். இந்தக் கண் எழுதுகிற பிரஷ் முடி மாதிரி மெல்லிசாக இருக்கும், ஒரு மூச்சில் போட வேண்டிய கோடு அது. பத்து பொம்மை கொண்ட தசாவதார செட்டுக்கு எனக்குக் குறைந்தது பதினெட்டு நாள் ஆகிறது, அதுவும் வெயில் அடித்தால். நவராத்திரி புரட்டாசியில் வருகிறது, அதற்கு முன்னால் ஆவணியில் மழை பிடித்துக்கொண்டால் வெள்ளைப் பூச்சே மூன்று நாள் காயாது.

அந்தச் செட்டுக்கு நான் வாங்குவது 4,500 ரூபாய். இதில் பெயின்ட், பட்டி, உப்புத்தாள், வார்னிஷ் என்று ஆயிரத்து சொச்சம் முதல் வாரத்திலேயே கையை விட்டுப் போய்விடும். கடைக்காரர் கடன் தருவார், ஆனால் ஆடி மாதத்தில் என்னைப் போல் பத்துப் பேர் அவரிடம் கடன் கேட்டு நிற்பார்கள். இப்படி இருபது வீட்டு வேலை ஒரே நேரத்தில் வந்தால் நான் போட வேண்டிய முதல் என்ன என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். வருஷத்தில் இரண்டரை மாதம் நடக்கிற தொழில் இது. "முடிச்சுட்டுச் சொல்லுங்க, வந்து மொத்தமா கொடுத்துடறேன்" என்று எல்லாரும் சொன்னால், எல்லார் வீட்டுக் கொலுவுக்கும் நான் கடன் வாங்கிப் படி கட்டுகிற மாதிரி ஆகிவிடும்.

பொம்மைதான் உங்கள் கையில் இருக்கிறதே என்கிறார்கள். இருக்கிறது, ஆனால் அதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது? உங்கள் பாட்டியின் செட்டியார் பொம்மை உங்களுக்கு உயிர், கடைத்தெருவில் அதற்கு விலை கிடையாது. அதை விற்கிற எண்ணமும் எனக்கு வராது, விற்கிற உரிமையும் எனக்கு இல்லை.

அட்வான்ஸ் என்ற சொல்தான் புதுசு, பழக்கம் பழசு. அப்பா காலத்தில் அச்சாரம் என்பார்கள். வெற்றிலை பாக்கின் மேல் பதினொரு ரூபாயோ இருபத்தொரு ரூபாயோ வைத்துத் தட்டோடு கொடுப்பார்கள், சில வீடுகளில் கூடவே ஒரு படி அரிசியும் வரும். அப்பா அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு வாங்கிய பிறகுதான் பொம்மையைத் தொடுவார். அந்தப் பணம் கைக்கு வந்தால் வேலை ஒப்புக்கொண்டாகிவிட்டது, இரண்டு பக்கமும் பேச்சு மாறக் கூடாது என்று அர்த்தம். யாரும் அதை அவமானமாக எடுத்துக்கொண்டதில்லை.

இன்றைக்கு நான் வைத்திருக்கிற முறை இதுதான். பொம்மையை ஒப்படைக்கும்போது பாதி. உடம்பு நிறமும் உடை நிறமும் முடிந்ததும் வாட்ஸ்அப்பில் படம் அனுப்புவேன், அப்போது கால் பங்கு. மீதிக் கால் பங்கு பொம்மையை எடுத்துப்போகிற அன்று. சின்ன வேலை, ஒன்றிரண்டு பொம்மை என்றால் இந்த மூன்று தவணையெல்லாம் இல்லை, பாதி முதலில், பாதி கடைசியில், அவ்வளவுதான். எதுவாக இருந்தாலும் ஒரு சீட்டு எழுதி ஒன்று அவர்களுக்கு, நகல் எனக்கு. சீட்டில் பொம்மை எத்தனை, எது எது உடைந்து வந்தது, என்ன நிறம், மொத்தம் எவ்வளவு, கொடுத்தது எவ்வளவு, எந்தத் தேதி.

நிறத்தை எழுதுவது எவ்வளவு முக்கியம் என்று ஒரு ராமரால் கற்றுக்கொண்டேன். வந்தபோது அவர் மேல் நிறமே இல்லை, வெறும் மண். நான் நீல ராமராகத் தீட்டி, நகை வரைக்கும் முடித்துவிட்டேன். எடுக்க வந்தவர் "எங்க வீட்டு ராமர் பச்சை, எங்கப்பா இருந்தவரைக்கும் பச்சைதான்" என்றார். அவர் சொன்னது நியாயம், கேட்காதது என் தப்பு. மறுபடி முழுக்க அடித்துக் கொடுத்தேன், காசு வாங்கவில்லை. அதற்குப் பிறகு பழைய கொலு ஃபோட்டோ இருந்தால் கொண்டுவரச் சொல்கிறேன், நிறத்தைச் சீட்டில் எழுதி அவர்களையே படிக்கச் சொல்கிறேன். எழுதிய பின்னும் மாற்றச் சொன்னால் அந்த மாற்றத்துக்குத் தனிக் காசு. இதில் சண்டையே வந்ததில்லை, ஏனென்றால் முதலிலேயே பேசியாகிவிட்டது.

மொத்தமாகக் கொடுக்க முடியாதவர்களும் வருவார்கள். அவர்களைத் திருப்பி அனுப்பக் கூடாது என்று மற்றக் கலைஞர்களுக்கும் சொல்வேன். எங்கள் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு பெரியம்மா, கணவருடைய பென்ஷனில் பாதிதான் வருகிறது, தை மாதம் பிறந்ததும் பொம்மையைக் கொண்டுவந்து வைத்துவிட்டு மாதம் 300 ரூபாய் கொடுத்துக்கொண்டே வருவார். தீபாவளிச் சீட்டு கட்டுகிற மாதிரி. ஆவணிக்குள் முடிந்துவிடும். ஒவ்வொரு முறையும் சீட்டின் பின்பக்கம் தேதி போட்டுக் கையெழுத்து வாங்கிக்கொள்வார். எட்டு வருஷத்தில் ஒரு மாதம் தவறியதில்லை. பங்குனி, சித்திரையில் எனக்கு வேலையே இருக்காது, அந்த 300 ரூபாய் அப்போது பெரிய தொகை.

சட்டம் என்ன சொல்கிறது என்பது எங்கள் தொழிலில் பெரும்பாலானவர்களுக்குத் தெரியாது, எனக்கும் தெரியாமல்தான் இருந்தது. லட்சுமி பொம்மை கொடுத்த ஒரு வக்கீல் சார் சொல்லித்தான் தெரிந்தது. 1872ஆம் வருஷத்து இந்திய ஒப்பந்தச் சட்டத்தில் 170ஆவது பிரிவு இருக்கிறது. ஒருவர் கொடுத்த பொருளில் நாம் உழைப்போ திறமையோ செலுத்தி, பேசியபடி வேலையை முடித்தால், கூலி வரும்வரை அந்தப் பொருளைக் கொடுக்காமல் வைத்திருக்க நமக்கு உரிமை உண்டு. அந்தப் பிரிவிலேயே இரண்டு உதாரணம் கொடுத்திருக்கிறார்கள். பட்டை தீட்டக் கொடுத்த வைரத்தைக் கூலி வரும்வரை நகைத் தொழிலாளி வைத்திருக்கலாம். ஆனால் கோட்டு தைக்கிற தையல்காரர், தைத்ததும் கொடுத்துவிடுகிறேன், காசுக்கு மூன்று மாதம் தவணை என்று ஒப்புக்கொண்டிருந்தால், அவர் கோட்டைப் பிடித்து வைக்க முடியாது. இதைக் கேட்டதும் எனக்கு நம் ஊர்ப் பேச்சுதான் ஞாபகம் வந்தது. "எடுத்துட்டுப் போங்க மாமி, காசு அப்புறம் பார்த்துக்கலாம்" என்று வாய் தவறிச் சொல்லிவிட்டால் தையல்காரர் கதைதான். பொம்மை கையை விட்டுப் போனால் அந்த உரிமையும் கூடவே போய்விடுகிறது. அதே சமயம் வைத்திருக்கலாமே தவிர விற்க முடியாது. வைத்திருக்கும் நாளில் நம் சொந்தப் பொருளை எப்படிப் பார்த்துக்கொள்வோமோ அப்படி ஜாக்கிரதையாகப் பார்க்க வேண்டும், அது 151ஆவது பிரிவு.

வேலை பாதியில் இருக்கும்போது வேண்டாம் என்று சொல்கிறவர்கள் விஷயத்தில் நான் அட்வான்ஸ் முழுவதையும் அமுக்கிக்கொள்வதில்லை. அமுக்கிக்கொள்ளலாம் என்று சில கலைஞர்கள் நினைக்கிறார்கள். செய்த வேலைக்கும் வாங்கிய சாமானுக்கும் உள்ளதை எடுத்துக்கொண்டு மீதியைக் கொடுப்பதுதான் முறை. சுரண்டித் தேய்த்தது வரைக்கும் என்றால் இவ்வளவு, வெள்ளை பூசியாகிவிட்டது என்றால் இவ்வளவு என்று சீட்டிலேயே போட்டுவிடுகிறேன்.

ஒரு விஷயத்தில் மட்டும் நான் சட்டத்தைப் பார்ப்பதில்லை. காசு வரவில்லை என்பதற்காகக் கண் எழுதாமல் நிறுத்தி வைப்பது. அப்படிச் செய்கிறவர்கள் இருக்கிறார்கள், அவர்களுடைய கஷ்டம் எனக்குப் புரிகிறது, கண் இல்லாத சாமியை யாரும் கொலுவில் வைக்க மாட்டார்கள், அதனால் ஓடி வந்து காசைக் கொடுத்துவிடுவார்கள். என்னால் முடியவில்லை. வேலையை முடித்து, துணி போட்டு மூடி வைத்துவிட்டு, அப்புறம் காசுக்குக் காத்திருப்பேன். கண் எழுதிய பொம்மையை எதிரே வைத்துக்கொண்டு வாடிக்கையாளரிடம் ஃபோனில் குரல் உயர்த்தவும் எனக்கு வராது.

வெளியூர் வேலை வேறு மாதிரி. பெங்களூரு, மும்பையில் இருந்தெல்லாம் பொம்மை கூரியரில் வருகிறது. அவர்களிடம் முழுப் பணம் வந்தபிறகுதான் பொட்டலம் கட்டுவேன், கூரியர் செலவு அவர்களுடையது. இதையும் முதல் நாளே சொல்லிவிட வேண்டும். கட்டும்போது ஒவ்வொரு பொம்மையையும் துணி சுற்றி, பெட்டிக்குள் பெட்டி வைத்து, நடுவில் வைக்கோலோ பழைய பேப்பரோ அடைத்து, அதை அப்படியே வீடியோ எடுத்து அனுப்பிவிடுகிறேன். அவர்களையும் பிரிக்கும்போது வீடியோ எடுக்கச் சொல்கிறேன். வழியில் விரல் உடைந்தால் பொம்மையை எனக்குத் திருப்பி அனுப்புகிற செலவு அவர்கள், ஒட்டி வர்ணம் போடுகிற வேலை நான். ஒன்று சொல்ல வேண்டும், ஜிபேயில் பணம் அனுப்பியதாக ஸ்கிரீன்ஷாட் மட்டும் வரும், பேங்கில் வந்திருக்காது. ஒரு தடவை ஏமாந்தேன். இப்போது பேங்க் கணக்கில் பார்த்தபிறகுதான் பெட்டிக்கு டேப் ஒட்டுகிறேன்.

எங்கள் பகுதியில் ஒரு தம்பி பஸ் பொம்மை செய்கிறார். ஃபோம் போர்டில் அறுத்து ஒட்டி, அரசு பஸ்ஸோ தனியார் பஸ்ஸோ, ரூட் போர்டு, ஜன்னல் கம்பி, பின்னால் எழுதியிருக்கிற வாசகம் வரைக்கும் அச்சு அசலாகப் பெயின்ட் பண்ணித் தருவார். அவரிடம் கேட்டால் மாதத்துக்கு மூன்று வண்டிதான் எடுப்பாராம், முன்பதிவுக்கு ஒரு தொகை, அந்த வண்டியின் முறை வரும்போது மீதி எல்லாமே வேலை தொடங்கும் முன்னால். கொடுக்காவிட்டால் அடுத்தவருக்கு முறை போய்விடும். எனக்கு அது கொஞ்சம் கடுமையாகத் தெரிந்தது. ஆனால் அவர் சொன்ன காரணம் சரி: "அக்கா, உங்க பொம்மை அவங்க பொம்மை, எப்படியும் வந்து எடுப்பாங்க. நான் ஒருத்தருக்குன்னு செஞ்ச பஸ்ஸை அவர் வாங்கலைன்னா வேற யாருக்கு அந்த ரூட் போர்டு வேணும்?"

இவ்வளவு நேரம் வாடிக்கையாளரைப் பற்றியே சொன்னேன். எங்கள் பக்கத்துத் தப்பையும் சொல்லாவிட்டால் நான் எழுதியதில் நேர்மை இருக்காது. அட்வான்ஸ் என்றாலே ஜனங்கள் முகம் சுளிப்பதற்கு நாங்களும் காரணம். சில வருஷம் முன்னால் ஒருவர் நாற்பது வீட்டில் அட்வான்ஸ் வாங்கிக்கொண்டு மகாளய அமாவாசைக்கு முதல் நாள் ஃபோனை அணைத்துவிட்டார். மறுநாள் நவராத்திரிக் கொலுவுக்குப் படி கட்ட வேண்டும், பொம்மை அவர் வீட்டில் பூட்டிக் கிடக்கிறது. பொம்மைக்காரர்கள் எல்லாரும் இப்படித்தான் என்று அந்த வருஷம் முழுக்க எங்கள் காதிலும் விழுந்தது.

நானும் ஒரு வருஷம் கிட்டத்தட்ட அந்த நிலைமைக்குப் போனேன். மகளுக்குக் காலேஜ் ஃபீஸ் கட்ட வேண்டியிருந்தது. வருகிற வேலையை எல்லாம் ஒப்புக்கொண்டு அட்வான்ஸ் வாங்கினேன், அதை எடுத்து ஃபீஸ் கட்டிவிட்டேன். அப்புறம் முதலில் வந்தவர் வேலைக்குப் பெயின்ட் வாங்க அடுத்து வந்தவர் அட்வான்ஸ், அவர் வேலைக்கு அதற்கடுத்தவர். மழையும் சேர்ந்துகொண்டது. ஏழு வீட்டு வேலை முடியாது என்று தெரிந்ததும் வளையலை அடகு வைத்து, ஒவ்வொரு வீடாகப் போய்ப் பொம்மையையும் பணத்தையும் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தேன். ஐந்து பேர் அடுத்த வருஷம் திரும்பி வந்தார்கள், இரண்டு பேர் வரவில்லை. அன்றையிலிருந்து அட்வான்ஸ் பணம் ஒரு தனி எவர்சில்வர் டப்பாவில் இருக்கும், ஜிபேயில் வருவதையும் எடுத்து அதில்தான் போடுவேன். அந்த வீட்டு வேலைக்கு வாங்குகிற சாமானுக்குத்தான் அதில் கை வைப்பேன். வேலை முடியும்வரை அது அவர்கள் பணம்.

கடன் வாங்கிக்கொள்ளலாமே என்று கேட்கலாம். மத்திய அரசின் விஸ்வகர்மா திட்டத்தில் பாரம்பரியப் பொம்மை செய்பவர்களையும் சேர்த்து 18 தொழிலுக்கு 3 லட்சம் ரூபாய் வரை இரண்டு தவணையாகக் கடன் என்கிறார்கள். மாநில அரசின் கலைஞர் கைவினைத் திட்டத்தில் 25 தொழிலுக்குக் கடனும், அதில் கால் பங்கு, அதிகபட்சம் 50,000 ரூபாய் மானியமும் உண்டு. நல்லதுதான், பட்டறை வைத்துப் புதுப் பொம்மை செய்கிறவர்களுக்கு அது பெரிய கை கொடுக்கும். ஆனால் வாடிக்கையாளர் நேரத்துக்குக் காசு கொடுக்காததால் வருகிற பள்ளத்தை வட்டிக்கு வாங்கி நிரப்பினால், பள்ளம் அடுத்த வருஷமும் அங்கேயேதான் இருக்கும்.

நான் கேட்பது சின்ன விஷயம். பூம்புகார் நிறுவனம் வருஷா வருஷம் கொலு பொம்மைக் கண்காட்சி வைக்கிறது. அங்கே பழைய பொம்மைக்கு வர்ணம் தீட்டுபவர்களுக்கும் ஒரு மேஜை கொடுக்கலாம், பொதுவான ஒரு சீட்டுப் புத்தகம் அச்சடித்துக் கொடுக்கலாம், ஓர் அடிப் பொம்மைக்கு இவ்வளவு என்று ஒரு விலைப் பலகை வைக்கலாம். அந்தச் சீட்டு கையில் இருந்தால் கொடுப்பவருக்கும் பயம் இருக்காது, வாங்குபவருக்கும் கூச்சம் இருக்காது. உங்கள் கொலு பக்கங்களிலும் புதுப் பொம்மை விலையோடு இதையும் ஒரு மூலையில் போடுங்கள். பொம்மையை ஆடிக்குள் கொடுங்கள், பாதிப் பணத்தோடு கொடுங்கள், சொன்ன தேதிக்கு வந்து எடுங்கள்.

கடைசி விஷயம் என் சொந்த வேலை, இடம் இருந்தால் போடுங்கள். எடுக்க வராத பொம்மை என்னிடம் மூன்று வீட்டுடையது இருக்கிறது. இரண்டு பேர் ஃபோனில் கிடைக்கிறார்கள், வருகிறேன் என்கிறார்கள். மூன்றாவது ஒரு தசாவதார செட், 2021இல் வந்தது. மண் பொம்மை, எட்டு அங்குலம், பச்சைத் தகரப் பெட்டியில் பழைய பாவாடைத் துணி சுற்றி வந்தது. கொடுத்த நம்பர் இப்போது உபயோகத்தில் இல்லை. வேலை முழுக்க முடிந்துவிட்டது, பாக்கி 1,200 ரூபாய். இத்தனை வருஷம் வைத்திருந்ததற்கென்று ஒன்றும் கேட்க மாட்டேன், பாக்கியையும் முடிந்தபோது கொடுங்கள், சீட்டைத் தொலைத்திருந்தாலும் பரவாயில்லை. பெட்டியின் மூடிக்கு உள்பக்கம் என்ன எழுதியிருக்கிறது என்று சொன்னால் போதும். வாமனர் கையில் குடை இல்லாமல்தான் வந்தார். வீட்டில் எங்கேயாவது அந்தக் குடை தனியாகக் கிடந்தால் வரும்போது எடுத்து வாருங்கள், அதற்கும் வர்ணம் போட்டுப் பொருத்தித் தருகிறேன்.

இப்படிக்கு,
பொம்மைக்கு வர்ணம் தீட்டும் உங்கள் வாசகி,
ஸ்ரீரங்கம்.